பதினெட்டாவது ஆணி

வைடன்லோ 1911 உதைபந்தாட்டக் கழகத்தின் அலுவலகத்துக்குப் போகிற ஒடுங்கிய நடையில், இடக்கைப் பக்கச் சுவரில், ஒரே மட்டத்தில் இருபது ஆணிகள் அடித்திருக்கும். புதுக் கட்டடம் கட்டிய 2000ஆம் ஆண்டில் கழகத் தலைவர் டாக்டர் க்னாப் இருபதையும் ஒரே நாளில் அடிப்பித்தார். விலகிப் போகிற ஒவ்வொரு பயிற்சியாளரின் படமும் சட்டம் போட்டு, பெயரும் பணியாற்றிய ஆண்டுகளும் எழுதி, அங்கே தொங்கவிடப்படும். ஆளுக்கு ஐந்து வருடம் என்று பார்த்தால் இருபது ஆணி நூறு வருடத்துக்குக் காணும் என்பது தலைவரின் திட்டம். இருபத்துநான்கு வருடத்தில் பதினாறு ஆணி நிரம்பிவிட்டது.

அந்தப் படங்களுக்குத் தூசு தட்டுகிறவர் தபோதரன். அது அவருடைய வேலை அல்ல. அவர் கழகத்தின் சொய்க்வார்ட். அதாவது வீரர்களின் உடுப்புத் தோய்த்து, சப்பாத்துத் துடைத்து, பந்துக்குக் காற்றடித்து, சனிக்கிழமைகளில் எல்லாவற்றையும் கொழுவியில் வரிசையாகக் கொழுவி வைக்கிறவர். நிலக்கீழ் அறையில் மூன்று சலவை இயந்திரங்களோடு அவருக்கு அரை ஆயுள் போயிருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு துணியோடு மேலே ஏறி வந்து பதினாறு படங்களையும் துடைப்பார். அடுத்திருக்கும் வெறும் ஆணியையும் ஒருதரம் துடைப்பார். அதில் கை கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

அந்த ஆணியில் தன் படம் தொங்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆகாத ஆசையும் இல்லை. ஆறு வருடம் சனி ஞாயிறு பாராமல் படித்துப் பயிற்சியாளருக்கான பி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். அதன் பிரதியைக் கழகத்தில் கொடுத்தபோது அலுவலகத்துப் பெண் நன்றி சொல்லி வாங்கி ஒரு கோப்பில் வைத்தாள். கோப்பின் முதுகில் 'மற்றவை' என்று எழுதியிருந்தது.

சரி, ஆசை எல்லோருக்கும் இருக்கும். தபோதரனுக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு: ஹோல்கர் ஸ்ட்றீபெல். ஊர் உலகம் ஹோல்கரை 'அவர்' என்கிறது. பத்திரிகை 'நமது ஹோல்கர்' என்கிறது. தபோதரன் மனதுக்குள் 'அவன்' என்றே சொல்வார். நாங்கள் தபோதரன் பக்கம் நிற்கிறபடியால் அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

எண்பத்தைந்தில் பன்னிரண்டு வயதில் மாமாவோடு இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, முகாம் முகாமாக அலைந்து வைடன்லோவில் குடியேறியவர் தபோதரன். அங்கே இளைஞர் அணியில் அவரும் ஹோல்கரும் ஒன்றாக விளையாடினார்கள். தொண்ணூறாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு போட்டி. பெரிய கழகம் ஒன்றிலிருந்து ஆள் தெரிய ஒருவர் தொப்பியும் குறிப்பேடுமாக வந்து நின்றார். எழுபதாவது நிமிடம் தபோதரன் முப்பது மீற்றரிலிருந்து ஒரு பந்தை விளாசினார். அந்த நேரம் ஹோல்கர் கோலுக்குப் பக்கத்தில் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். பந்து அவனுடைய பின்புறத்தில் பட்டு, கோல்காப்பாளர் பாய்ந்ததற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி உள்ளே போனது. கோல் ஹோல்கரின் பெயரில் எழுதப்பட்டது. 'இலக்கைத் திரும்பிப் பாராமலே கோல் போடும் உள்ளுணர்வு' என்று தொப்பிக்காரர் குறித்துக்கொண்டார்.

தேர்வுக்கு இரண்டு பேரையும்தான் அழைத்தார்கள். ஆனால் அகதி விண்ணப்பம் முடிவாகாத தபோதரன் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும். விண்ணப்பித்தார். அனுமதி வந்தது, தேர்வு முடிந்து மூன்று கிழமை கழித்து. அந்தக் கடிதம் இப்போதும் வீட்டில் பி லைசென்ஸோடு ஒரே உறைக்குள் இருக்கிறது.

ஹோல்கர் போனான். பதினொரு வருடத்தில் ஐந்து கழகங்களுக்கு விளையாடினான். விளையாடினான் என்பதைவிட மைதான ஓரத்து மாற்றுவீரர் வாங்கில் இருந்தான் என்பதே பொருத்தம். மொத்தம் மூன்று கோல் போட்டான். அதில் ஒன்று தன் பக்கத்துக் கோலுக்குள். முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனான். உண்மையான எழுச்சி அங்கேதான் தொடங்கியது.

முதல் எடுத்த கழகத்தை மூன்றாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு இறக்கினான். பூச்செண்டு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று கீழே விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தது. 'கீழிறங்குவதில் நேரடி அனுபவம் உள்ள ஒருவர் எங்களுக்குத் தேவை' என்று அவனைக் கூப்பிட்டார்கள். அந்தக் கழகமும் இறங்கியது. அங்கேயும் பூச்செண்டு. பிறகு முதற்பிரிவுக் கழகம் ஒன்று ஒன்பது போட்டிகளுக்கு அவனை வைத்திருந்தது, ஒன்பதிலும் தோல்வி. வேலையில்லாத இடைவெளிகளில் தொலைக்காட்சியில் கோட் சூட்டோடு உட்கார்ந்து, அந்தந்தக் கழகங்கள் ஏன் தோற்றன என்று விளக்கினான். தோற்கடித்தவனே வந்து சொல்கிறான், இவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும் என்று ஜெர்மனி முழுவதும் காதுகொடுத்துக் கேட்டது. தபோதரனும் கேட்டார், ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி. அப்படி ஒருநாள் ஏழாம் இலக்கச் சட்டை கருகிப் போனது.

"நீங்கள் ஏன் அவன்ர நிகழ்ச்சியைப் போட்டுப் பாக்கிறியள்? பாத்திட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறியள்," என்பாள் மனைவி புஸ்பவதி.

"தமிழாக்கள் கொஞ்சம் பேர் அவனைப் பெரிய கெட்டிக்காரன் எண்டு கதைக்கினம். என்னத்தைத்தான் சொல்லுறான் எண்டு பாக்கிறன்."

"பாத்து?"

"உதையெல்லாம் நானும் சொல்லலாம்."

கதை தொடங்கிய செப்ரெம்பரில் பதினேழாவது பயிற்சியாளர் போனார். வழக்கம்போல ஒரு புதன்கிழமை, வழக்கம்போல டாக்டர் க்னாப் பத்திரிகையாளர் முன் பேசினார். யன்னல் தொழிற்சாலை வைத்திருக்கிற அவருக்கு எந்தப் பேச்சும் ஓர் அளவுச் சட்டத்துக்குள் அடங்கும்.

"நாங்கள் யாரையும் பதவி நீக்குவதில்லை. பொறுப்பின் சுமையிலிருந்து விடுவிக்கிறோம். இவர் மிகச் சிறந்த பயிற்சியாளர். இவரைவிடச் சிறந்தவர் எங்களுக்குக் கிடைக்கமாட்டார் என்பதில் நிர்வாகசபை ஒரே மனதாக உள்ளது. அதனால்தான் இந்த முடிவு எங்களுக்கு இவ்வளவு வேதனை தருகிறது. கடந்த பதினாறு தடவையும் இதே வேதனையை அனுபவித்தோம். அனுபவம் எங்களுக்கு உண்டு."

பூச்செண்டு கைமாறியது. படம் ஆணியில் ஏறியது. உதவிப் பயிற்சியாளரும் விசுவாசம் காரணமாக அவரோடு வெளியேறினார். கோல்காப்பாளர் பயிற்சியாளருக்கு முதுகுப்பிடிப்பு. சனிக்கிழமை போட்டி, வாங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்பது உதைபந்தாட்டச் சங்கத்தின் விதி. அலுவலகத்துப் பெண் எல்லாக் கோப்புகளையும் புரட்டி, கடைசியில் 'மற்றவை'யைத் திறந்தாள்.

டாக்டர் க்னாப் முதன்முறையாக நிலக்கீழ் அறைக்கு இறங்கி வந்தார். சலவை இயந்திரங்களைப் பார்த்து, "இதெல்லாம் எங்களுடையதா?" என்று கேட்டார். பிறகு தபோதரனிடம் சொன்னார்: "நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்."

உட்கார்ந்திருக்கவா ஆறு வருடம் படித்தார்? வெள்ளிக்கிழமை பின்னேரம் தபோதரன் அணியைத் தெரிந்தெடுத்தார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது, எந்தப் பாடநெறியிலும் இல்லாத வழி. இருபத்துநான்கு வருடமாகப் போட்டி முடிந்ததும் சட்டைகளை அவர் கையால்தான் தரம் பிரித்துப் போடுகிறார். எவனுடைய சட்டை பிழிந்தால் வடிகிறது, எவனுடையது மடிப்புக் கலையாமல் வருகிறது என்று அவருக்குத் தெரியும். பத்தாம் இலக்கமும் பதினொன்றும் கழகத்தின் நட்சத்திரங்கள்; அவர்களுடைய சட்டைகளைத் தோய்க்காமலே மறுபடி கொழுவலாம். இரண்டு பேரையும் வாங்கில் இருத்தினார். மண்ணும் வியர்வையுமாக வருகிற பதினொரு சட்டைக்காரரை இறக்கினார்.

மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். ஒன்பது போட்டிக்குப் பிறகு முதல் வெற்றி.

தபோதரனுக்கு அன்று கால் தரையில் படவில்லை. புஸ்பவதி பால் கஞ்சி காய்ச்சினாள். மகள் மிதுசா, பிராங்பேர்ட்டில் வங்கியில் வேலை செய்கிறவள், "அப்பா, நீங்க உண்மையிலயே கோச்!" என்று கட்டிப்பிடித்தாள். அன்று இரவு ஹோல்கரின் நிகழ்ச்சியைப் போடாமலே அவர் படுத்து நித்திரை கொண்டார்.

திங்கட்கிழமை கழகத்தின் பகுப்பாய்வுக் குழு கூடியது. வெற்றியை மூன்று மணித்தியாலம் ஆராய்ந்தார்கள். ஓடிய தூரம், பந்து வைத்திருந்த வீதம், வண்ண வண்ணப் படங்கள். ஒன்றிலும் காரணம் அகப்படவில்லை. தபோதரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சட்டைகளைப் பார்த்தேன்," என்றார் அவர்.

குழு குறித்துக்கொண்டது: 'விளக்கம் இல்லை.'

டாக்டர் க்னாப் எழுந்தார். "அன்பர்களே, கோட்பாட்டோடு தோற்றால் அடுத்த முறை கோட்பாட்டை மாற்றலாம். கோட்பாடில்லாமல் வென்றால் எதை மாற்றுவது? ஒரு கழகம் இப்படித் தற்செயலாக வென்றுகொண்டே போனால் நிர்வாகசபை எதற்கு என்று மக்கள் கேட்பார்கள். அந்த நிலைக்கு விடக்கூடாது. ஆகவே நமது மண்ணின் மைந்தரை அழைத்திருக்கிறோம்."

கதவு திறந்தது. ஹோல்கர் வந்தான்.

நரை அழகாக விழுந்திருந்தது. அது வேறு எரிச்சல். "டப்போ!" என்று கத்தி, தபோதரனைத் தூக்காத குறையாக அணைத்தான். "இன்னும் இங்கேதான் இருக்கிறாயா? அதிர்ஷ்டக்காரன்!" ஊர்ப் பத்திரிகையில் மறுநாள் தலைப்பு: 'ஹோல்கர் விளைவு: வருகிறார் என்ற செய்திக்கே அணி வென்றது.' ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை மதியமே கையெழுத்து வைத்துவிட்டானாம். ஆகவே சனிக்கிழமை வெற்றி அவன் கணக்கில் போனது.

தபோதரன் அன்றிரவு சோற்றுக் கோப்பையை மூடி வைத்தார். "முதல் என்ர கோலை எடுத்தான். இப்ப என்ர வெற்றியையும் எடுத்திட்டான். இனி என்னட்ட என்ன இருக்கு, சலவைத் தூளோ?"

"படத்தையாவது கேளுங்கோவன்," என்றாள் புஸ்பவதி. "ஒரு போட்டியெண்டாலும் நீங்கள்தானே நடத்தினது. அந்த ஆணி உங்களுக்குத்தான்."

மிதுசா நல்ல ஜெர்மனில் ஒரு அன்ட்ராக், அதாவது முறைப்படியான விண்ணப்பம், எழுதிக் கொடுத்தாள். பதில் பதினொரு நாளில் வந்தது. சுவர், பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட பயிற்சியாளர்களுக்கு மட்டுமே உரியது. தபோதரன் நியமிக்கப்படவில்லை; நியமிக்கப்படாதவரை விடுவிக்க முடியாது; விடுவிக்கப்படாதவருக்கு ஆணி கிடையாது. அப்படியானால் என்னை நியமித்து உடனேயே விடுவியுங்கள் என்று தபோதரன் மறுபடி எழுதினார். நியமனத்துக்கு வெற்றிடம் வேண்டும், தற்போது ஹோல்கர் இருக்கிறார் என்று பதில் வந்தது.

இதற்குள் ஒக்ரோபர் பிறந்தது. சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை: எல்லாக் கழகங்களும் பன்மைத்துவ வாரம் கொண்டாடவேண்டும், புகைப்பட ஆதாரம் அனுப்பவேண்டும். கழகத்தின் பன்மைத்துவப் பொறுப்பாளர் திருமதி வென்சல் நல்ல மனம் படைத்த பெண்மணி. பன்மைத்துவத்துக்கு ஆள் தேடி அலைந்தபோது தபோதரனின் இரண்டு அன்ட்ராக்குகளும் கண்ணில் பட்டன. நிர்வாகசபையில் அவர் பேசினார்: "இருபத்துநான்கு வருடமாக நம் அடித்தளத்தில் பன்மைத்துவம் இருந்திருக்கிறது. நாம் அதை இறங்கிப் பார்க்கவில்லை. மேலே கொண்டுவருவோம். ஆனால் நம்முடைய முறையில் அல்ல, அவருடைய பண்பாட்டின் முறையில்!"

நிர்வாகசபை கைதட்டியது. தபோதரனுக்கு இது ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று முடிவாகியது.

திருமதி வென்சல் முழு மனதோடு வேலை செய்தார். தமிழர்கள் ஒரு மனிதருக்குப் படத்தின் மூலம் எப்படி மரியாதை செய்கிறார்கள் என்று இணையத்தில் தேடினார். நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே முறை. சட்டம் போட்ட படம், அதற்கு ஒரு பூமாலை, முன்னால் ஒரு விளக்கு, கீழே இரண்டு ஆண்டுகள். எவ்வளவு அழகான வழக்கம் என்று அவருக்குக் கண் கலங்கியது. பிராங்பேர்ட்டில் தமிழ்க் கடையொன்றில் செவ்வந்தி மாலை எடுத்தார். தீயணைப்பு விதியின்படி விளக்கு மட்டும் பற்றரியில் எரிவதாக வாங்கினார். தபோதரனின் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, கறுப்பு வெள்ளையில் கம்பீரமாக இருக்கும் என்று அப்படியே அச்சிட்டார். கீழே, எல்லாப் படத்துக்கும் எழுதுவதுபோல, 'தபோதரன், 2000–2024'.

சனிக்கிழமை காலை அது பதினெட்டாவது ஆணியில் ஏறியது. தபோதரனோ காலை ஏழு மணியிலிருந்து கீழே சட்டைகளுக்கு நடுவில். அங்கே கைத்தொலைபேசிக்கும் சமிக்ஞை இல்லை.

பன்மைத்துவ விருந்தினராக அழைக்கப்பட்டிருந்த தமிழர் விளையாட்டு ஒன்றியத்தின் தலைவர் பரராசசிங்கம் ஒரு மணிக்கு வந்தார். அலுவலகம் நோக்கி நடந்தவர் பதினெட்டாவது ஆணிக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஒரு நிமிடம் தலை குனிந்தார். பிறகு படத்தைப் படம் எடுத்தார்.

பரராசசிங்கம் உயிரோடிருக்கிற யாரையும் இலகுவில் பாராட்டுகிறவர் அல்ல. ஒன்றியத்தில் ஒரு அணிக்காவது பயிற்சியாளராக விடுங்கோ என்று தபோதரன் நாலுதரம் கேட்டும், "பாப்பம் தம்பி," என்று சொல்லி அனுப்பியவர். ஆனால் அஞ்சலிப் பிரசுரத்தின் மாதிரி அவருடைய தொலைபேசியில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். ஐந்து நிமிடத்தில் அது உலகம் சுற்றக் கிளம்பியது: 'கண்ணீர் அஞ்சலி. வைடன்லோ கழகத்தின் தலைமைப் பயிற்றுநரும், உதைபந்தாட்டத்தைத் தன் உயிர்மூச்சாகக் கொண்டவரும், எமது ஒன்றியத்தின் வளர்ச்சியில் தோளோடு தோள் நின்றவருமான...'

தலைமைப் பயிற்றுநர். அந்தச் சொல்லுக்காக ஒரு மனிதர் முப்பது வருடம் ஏங்கியிருந்தார். அது இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் பருத்தித்துறையிலும் ஒரே நேரத்தில் அவர் பெயருக்கு முன்னால் நின்றது. அவருக்கு மட்டும் தெரியாது.

பிரசுரத்தை அனுப்பிவிட்டுப் பரராசசிங்கம் டாக்டர் க்னாப்பைத் தேடிப்பிடித்து, கையைப் பற்றி, ஜெர்மனில் ஆழ்ந்த அனுதாபம் சொன்னார்.

"யாருக்கு?" என்றார் தலைவர்.

"தபோதரனுக்கு. உங்கள் தபோதரனுக்கு."

டாக்டர் க்னாப்புக்குச் சட்டென்று ஆளை நினைவு வரவில்லை. ஆனால் ஊழியர் இறந்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்குக் கழகத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. கறுப்புக் கைப்பட்டி, ஒரு நிமிட மௌனம், தலைவரின் உரை. திருமதி வென்சல் மைதானத்தின் மறுபுறத்தில் சிறுவர்களுக்குச் சமோசா பரிமாறிக்கொண்டிருந்தபடியால் அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் கழகத்தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

"நம்மைவிட்டு ஒரு பெரிய மனிதர் பிரிந்திருக்கிறார். அவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அண்மையில்தான் அவருடைய அறைக்குப் போய் அவருடன் பேசினேன். எங்களிடம் மூன்று சலவை இயந்திரங்கள் இருப்பதை அவர்தான் எனக்குக் கற்றுத்தந்தார். ஒன்பது தோல்விக்குப் பின் நாம் கண்ட வெற்றி அவருடைய வெற்றி. இதை உயிரோடிருக்கும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு அவர் ஒரு அன்ட்ராக் போடவேண்டியிருந்தது, போட்டார், அது பரிசீலனையில் இருந்தது."

அடுத்து ஹோல்கர். ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டான். ஆனால் அன்று உண்மையிலேயே அவன் குரல் உடைந்திருந்தது. "எல்லோரும் என்னுடைய முதல் கோலைப் பற்றிக் கேட்பீர்கள். தொண்ணூறாம் ஆண்டுக் கோல். அது என்னுடையது அல்ல. டப்போ அடித்தான். நான் நாடா கட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குக் கீழே பட்டு உள்ளே போனது. முப்பத்துநாலு வருடமாக இதைச் சொல்லப் பயந்தேன். இப்போது அவன் கேட்கமாட்டான் என்பதால் சொல்கிறேன்."

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மன்னிக்கவும், அவர். மாற்றுச் சட்டைகள் நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வீரர்கள் வெளிவரும் சுரங்கவழியில் தபோதரன் ஏறி வந்துகொண்டிருந்தார். தன்னைப் பற்றிய பேச்சு ஒலிபெருக்கியில் கேட்டதும் நின்றுவிட்டார். சுரங்கவழிக்குள் எதிரொலித்து அது பாதிதான் காதில் விழுந்தது. தன் வெற்றி தன்னுடையது என்றார்கள். தன் கோல் தன்னுடையது என்றார்கள். பன்மைத்துவ வாரம் என்றால் இவ்வளவு பெரிய விசயமா? தன்னை மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துத் தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டார்.

பிறகு மைதானம் முழுவதும் மௌனமானது. இதுதான் தருணம் என்று எண்ணித் தபோதரன் கூடையோடு புல்தரைக்கு வந்தார்.

முதலில் கண்டவர் பரராசசிங்கம். அவருடைய வாய் திறந்தது. மௌன அஞ்சலி என்பதால் சத்தம் வரவில்லை. வீரர்கள் கண்டார்கள். ஹோல்கர் கண்டான், அவன் முகம் வெளிறியது. தபோதரன் சிரித்த முகத்தோடு நேரே டாக்டர் க்னாப்பிடம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

தலைவர் கடைக்கண்ணால் பார்த்தார். நாற்பது வருடம் நிர்வாகத்தில் இருந்தவர், பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டை அசைக்காமல் சொன்னார்: "இன்னும் இருபது விநாடி இருக்கிறது. தலை குனியுங்கள்."

தபோதரன் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தார். யாருக்காக என்று தெரியாவிட்டாலும், இறந்தவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

புஸ்பவதியும் மிதுசாவும் எஸ்-பான் ரயிலில் அழுதழுது வந்து இறங்கியபோது இடைவேளை. மைதான வாசலில் தபோதரனைக் கண்டதும் புஸ்பவதி முதலில் கட்டிப்பிடித்தாள், பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "போன் எடுக்கேலாதோ உங்களுக்கு? கனடாவில இருந்து அண்ணை ரிக்கற் போட்டிட்டாராம்!"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ர பாராட்டு விழா எண்டல்லோ நினைச்சனான்."

மூவரும் நடைக்குப் போனார்கள். பதினெட்டாவது ஆணியில் தபோதரன் சிரித்துக்கொண்டிருந்தார், கறுப்பு வெள்ளையில், செவ்வந்தி மாலையோடு. பற்றரி விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. புஸ்பவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு மாலை போட்டு விளக்குக் கொழுத்தி வைச்சிருக்குதுகள். கழட்டுங்கோ! இப்பவே கழட்டுங்கோ!"

தபோதரன் அசையவில்லை. அந்த ஆணிக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"மாலையைக் கழட்டுறன், புஸ்பா. படம் இருக்கட்டும்."

"உங்களுக்கு விசரோ?"

"இருக்கட்டும். முப்பத்துநாலு வரியம் காத்திருந்தனான்."

மாலையையும் விளக்கையும் கீழே கொண்டுபோய்ச் சலவைத் தூள் அலுமாரியில் வைத்தார். திருமதி வென்சல் வந்து அழுதார். தபோதரன்தான் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. பரராசசிங்கம் மறுப்பறிக்கை வெளியிட்டார். அதில் 'தலைமைப் பயிற்றுநர்' இல்லை. 'சலவைப் பகுதி ஊழியர் நலமாக உள்ளார்' என்று மட்டும் இருந்தது. கழகமும் ஒரு அறிக்கை விட்டது: நிகழ்ந்த மௌன அஞ்சலி ஒழுங்குவிதிகளின்படியே நிகழ்ந்தது, அது மீளப்பெறப்படமாட்டாது, ஆனால் உரைகளில் சொல்லப்பட்ட தகவல்கள் துக்க மனநிலையில் சொல்லப்பட்டவை என்பதால் பதிவேடுகளில் மாற்றம் செய்யப்படமாட்டாது. தொண்ணூறாம் ஆண்டுக் கோல் ஹோல்கரிடமே இருந்தது. செப்ரெம்பர் வெற்றியும் அவனிடமே இருந்தது.

ஹோல்கர் இரண்டு கிழமை தபோதரனின் கண்ணில் படாமல் திரிந்தான். மூன்றாம் கிழமை நிலக்கீழ் அறை வாசலில் நின்று, "டப்போ, அன்றைக்கு நான் சொன்னதை யாரிடமும் பெரிதாகச் சொல்லாதே. நீ செத்தாய் என்று நம்பித்தான் சொன்னேன்," என்றான். தபோதரன் அடுத்த சட்டையை எடுத்து மடித்தார்.

நவம்பர் முடிய ஹோல்கருக்கு ஆறு தோல்வி. புதன்கிழமை வந்தது. டாக்டர் க்னாப் அதே வேதனையை அனுபவித்தார். ஆனால் இந்தத் தடவை பூச்செண்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. காரணம், முதற்பிரிவில் கடைசி இடத்தில் இருந்த பெரிய கழகம் ஒன்று ஹோல்கரை ஏற்கெனவே கேட்டிருந்தது. ஆறு தோல்விகளையும் அவன் எதிர்கொண்ட பக்குவம் தங்களைக் கவர்ந்ததாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். செய்தியைக் கேட்ட அன்று தபோதரனுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் உலர்த்தும் இயந்திரமே தேவைப்பட்டிருக்காது. சட்டைகளை வயிற்றில் வைத்தே உலர்த்தியிருக்கலாம்.

ஹோல்கரின் படம் பத்தொன்பதாவது ஆணியில் ஏறியது, தபோதரனின் படத்துக்குப் பக்கத்தில். விடைபெற வந்த ஹோல்கர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். புதுப் படத்தைத் துடைக்க வந்த தபோதரனைக் கண்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"ஒன்று கேட்கவேண்டும், டப்போ. அன்றைக்கு உன் படத்துக்கு ஒரு மாலை இருந்ததே. விளக்கும் இருந்தது."

"இருந்தது."

"இத்தனை பேரில் உனக்கு மட்டும் ஏன்? வென்சலிடம் கேட்டேன். உங்கள் பண்பாட்டில் அதுதான் ஒரு மனிதனுக்குக் கொடுக்கிற உச்ச மரியாதை என்றாள். பிறகு ஏதோ தவறு நடந்ததாகச் சொல்லி அழுதாள், எனக்கு விளங்கவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன். முதற்பிரிவுக்குப் போகிறவன். அந்தப் பூ இல்லாமல் என் படம் மொட்டையாக இருக்கிறது. நீ நாலாயிரம் பேரை எழும்பி நிற்க வைத்தாய். எனக்காக ஒரு நாளும் அவர்கள் அப்படி நிற்கவில்லை."

தபோதரன் அவன் முகத்தைப் பார்த்தார். கண்களில் இருந்தது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்தது. எத்தனையோ வருடமாகக் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்து வந்த அதே பொறாமைதான்.

"உண்மையிலேயே உனக்கு வேண்டுமா?"

"வேண்டும்."

அன்று பின்னேரம் வீட்டில் தபோதரன் மெல்லப் பேச்செடுத்தார்.

"புஸ்பா, நாளைக்கு வியாழக்கிழமை. பிராங்பேர்ட் கடைக்குப் பூ வாற நாள். ஒரு மாலை எடுக்கவேணும்."

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. ஹோல்கர் தன்ர படத்துக்கு வேணுமாம்."

புஸ்பவதி மரக்கறி வெட்டிய கத்தியை வைத்தாள். "உயிரோட இருக்கிற மனிசனுக்கோ?"

"அவன் விரும்பிக் கேட்டவன். நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் கணவனைப் பார்த்தாள். கருகிய ஏழாம் இலக்கச் சட்டையும், சாப்பிடாமல் மூடி வைத்த சோற்றுக் கோப்பைகளும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். கத்தியை மறுபடி எடுத்தாள்.

"எத்தினை முழம்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹோல்கர் கோட் சூட்டோடு வந்திருந்தான். ஊர்ப் பத்திரிகைக்காரனையும் கூட்டி வந்திருந்தான். தபோதரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஏணியில் ஏறி, தடித்த மல்லிகை மாலையை இரண்டு கையாலும் எடுத்துப் பத்தொன்பதாவது ஆணியில் போட்டார். அலுமாரியில் இருந்த பற்றரி விளக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்துச் சொடுக்கினார். இறங்கி வந்து கைகூப்பினார். ஹோல்கருக்குக் கண் கலங்கியது.

"இதை எல்லோருக்கும் செய்வீர்களா?" என்று கேட்டான்.

"எல்லோருக்கும் ஒருநாள் கிடைக்கும்," என்றார் தபோதரன். "உனக்கு முந்திவிட்டது."

பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். ஹோல்கர் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான். தபோதரன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். மாலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறுபடி ஏணியில் ஏறி, அதை நேராக்கிவிட்டார்.